தொழில்: சும்மா

மார்ச் 5, புதன்

கூட்டுத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

கூட்டாளிகள் தங்களுக்குள் பேசுவதெல்லாம் எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும் என்று நம் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் போட்டிருக்கிறது. போட்டவர் நீங்கள். அதனால் எழுதுகிறேன். நீங்கள் என்னுடன் பிறந்த தம்பி என்பது அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, நானும் அதைக் கிளறப் போவதில்லை.

விஷயம் இதுதான். நேற்று முன்தினம் திங்கட்கிழமை. வழக்கம்போல எங்கள் சங்கத்துப் பெண்கள் கூலிப் பணத்தைக் கட்டுவதற்காகக் கூட்டமாக வங்கிக் கிளைக்குப் போனார்கள். முதலில் நின்றவள் பொத்தான்காரி. தைத்து வரும் சட்டைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பொத்தான் வைக்கிறவள். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க கணக்கு முடங்கியிருக்கும்மா, போடவும் முடியாது எடுக்கவும் முடியாது" என்றான். ஏன் என்று கேட்டதற்கு அவனுக்கும் தெரியவில்லை. அடுத்தவளுக்கும் அதேதான். நூற்று நாற்பத்து மூன்று பேரில் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு முடக்கம். என் கணக்கும் அதில் ஒன்று.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் மேடை போட்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். வங்கி கணக்கைத் திறக்கும், அறக்கட்டளை செலவைப் பார்த்துக்கொள்ளும், சங்கம் ஆட்களைக் கூட்டி வரும். வங்கி வாசலையே மிதிக்காத பெண்களை நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். கடைக்காரரிடம் கொடுத்து வைத்ததையும் துணிக்கு நடுவில் ஒளித்து வைத்ததையும் என் பேச்சை நம்பித்தான் கொண்டுவந்து போட்டார்கள்.

பொத்தான்காரிக்கு அவசரம். கணவன் இல்லாதவள். இரண்டு பெண்களோடு நாத்தனார் வீட்டு நடையில் படுத்துக்கொண்டிருக்கிறாள். அச்சகத்துக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் ஓர் அறை பார்த்திருக்கிறாள். ஜன்னல் இருக்கிறது, தனிக் குழாய் இருக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நேரம் தவறாதவர், ஒரு நாள் தாண்டினாலும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். முன்பணம் முழுவதும் உங்கள் வங்கியில் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி என்பதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைவி,
வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் சங்கம்


மார்ச் 10, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துப் பிரித்தேன். 'கூட்டுத் திட்ட அலுவலர் அவர்களுக்கு' என்று இருந்தது. சரி, பரவாயில்லை.

கணக்குகள் முடங்கியது உண்மை. போன மாதம் தலைமை அலுவலகத்தில் புதிதாக ஒரு சோதனை ஏற்பாடு வந்திருக்கிறது. எல்லாக் கணக்குகளையும் கணினியே சலித்துப் பார்த்து, சந்தேகமாகப் படுவதைத் தானாக நிறுத்திவைக்கும். உங்கள் கிளையில் யாரும் கையால் செய்தது இல்லை. என்ன காரணம் என்று வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. விவகாரம் பரிசீலனையில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல் என்றுதான் இப்போதைக்கு என்னால் எழுத முடிகிறது.

இதை அலுவலராக எழுதிவிட்டேன். இனி தம்பியாக இரண்டு வரி.

பதினான்கு மாதமாக நீ தொலைபேசியை எடுப்பதில்லை. நான் வீடு கட்டிக் குடிபோனபோது வரவில்லை. அனுப்பிய பணம் 'பெறுநர் மறுத்துவிட்டார்' என்று திரும்பி வந்தது. உன் மருமகள், அதாவது என் மகள், "அத்தைக்கு நம்ம மேல என்னப்பா கோவம்?" என்று கேட்கிறாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? சண்டை போட்டிருந்தாலாவது எதற்கென்று தெரியும். நீ சண்டையும் போடவில்லை. அந்தத் திட்டத் தொடக்க விழா முடிந்த சாயங்காலம் பேருந்தில் ஏறினாய், அத்தோடு சரி.

முப்பத்தொன்றாம் தேதியை அடிக்கோடிட்டிருக்கிறேன். சிவப்பு மையில்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 13, வியாழன்

கூட்டுத் திட்ட அலுவலருக்கு,

பொறுமையாக இருக்கச் சொல்லவா? நீங்களே வந்து சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை சங்கத்துக் கூடத்தில் கூட்டம். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அந்த நீள அறை, உங்களுக்குத் தெரியும். நாற்காலி இருபதுதான், மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். திட்டுவார்கள் என்று தயாராகத்தான் போனேன். ஒருவரும் திட்டவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஒருத்தியை நாங்கள் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவோம், அவள் மூச்சுவிட்டாலே தெருக்கோடிக்குக் கேட்கும். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போகும்போது பொத்தான்காரி மட்டும் கிட்டே வந்து, "அக்கா, எங்க பணம் இருக்கா, இல்ல போச்சா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். இருக்கிறது என்றேன். "இருந்தா ஏன் குடுக்க மாட்டேங்கிறாங்க?" என்றாள். கணக்கு திறக்கப் போன அன்றைக்கு இவள் பெண்கள் இரண்டு பேரும் பாஸ்புத்தகத்தில் அம்மா பேரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது நான்தான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று அறக்கட்டளை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷிதான், தேநீர் கொடுத்தார். படிவம் அவர்கள் அச்சடித்ததாம், ஆனால் நிரப்பியது அவர்கள் இல்லையாம். கிளை மேலாளரைக் கேட்டால் நிரப்பியது சங்கத்து ஆட்கள், முடக்கியது தலைமை அலுவலகம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். தலைமை அலுவலகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், கணினி செய்தது என்கிறீர்கள். ஆக, மூன்று பேர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், கையெழுத்தே போடாத பொத்தான்காரிதான் மாட்டிக்கொண்டாள்.

எனக்குக் காரணம் வேண்டும். அனுமதி இல்லை என்றால் அனுமதி வாங்குங்கள்.

தம்பியாக எழுதிய இரண்டு வரிக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. குழந்தையிடம் அத்தைக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை என்று சொல்லவும்.

தலைவி


மார்ச் 17, திங்கள்

அக்கா,

அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ கிழிக்க மாட்டாய், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சனிக்கிழமை நான் பதிவறைக்குப் போய் உங்கள் சங்கத்துப் படிவங்களைக் கட்டோடு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அங்கே வந்ததும் நின்றுவிட்டேன். நூற்றுப் பதினெட்டுப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தை. 'சும்மா.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் சங்கத்துத் தொண்டர்கள் 'என்ன செய்றீங்க' என்று கேட்டிருக்கிறார்கள், அந்தப் பெண்கள் 'சும்மாதான் இருக்கேன்' என்றிருக்கிறார்கள், இவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். அதைக் கணினியில் ஏற்றிய தட்டச்சர் என்ன செய்வார்? அவரிடம் இருக்கும் பட்டியலில் நாற்பத்திரண்டு தொழில் இருக்கிறது, சும்மா என்று ஒன்று இல்லை. 'தொழில் இல்லை, வருமானம் இல்லை' என்று போட்டுவிட்டார்.

இனி கணினியின் பக்கம் நின்று பார். வேலையே இல்லாத, வருமானமே இல்லாத நூற்றுப் பதினெட்டுப் பெண்கள் திங்கட்கிழமை தவறாமல் ஒரே கிளைக்கு ஒரே நேரத்தில் வந்து பணம் போடுகிறார்கள். யாரோ ஒருவன் தன் கள்ளப் பணத்தை இவர்கள் பேரில் பிரித்துப் போடுகிறான் என்று அது முடிவு கட்டிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அதன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மற்ற இருபத்தைந்து பேர் தாங்களே படிவத்தை நிரப்பி, தையல், பெட்டி ஒட்டுதல் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தப்பித்தார்கள்.

சீக்கிரமாக முடிக்க ஒரு வழி இருக்கிறது. 'எங்கள் தொண்டர்கள் படிவங்களைக் கவனக்குறைவாக நிரப்பிவிட்டார்கள்' என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடு. ஒரு வரி போதும். அதை வைத்து நான் மறுசோதனைக்கு உத்தரவு வாங்கிவிடுவேன். முப்பத்தொன்றுக்குள் ஆகிவிடும்.

இன்னொன்று. கட்டில் முதல் படிவம் உன்னுடையது. விழா அன்று எல்லோருக்கும் முன்னால் நீ உன் கையாலேயே நிரப்பியது. அதிலும் 'சும்மா' என்றுதான் இருக்கிறது. ஒரு சங்கத்தையே நடத்துகிறவள் நீ. நீயுமா, அக்கா?

தம்பி


மார்ச் 20, வியாழன்

தம்பி,

ஆமாம், நானும்தான்.

உனக்கு முதலில் அந்த வார்த்தையைச் சொல்லித் தருகிறேன், தலைமை அலுவலகத்தில் மறந்திருப்பாய். எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய் ஒரு பெண்ணிடம் என்ன செய்கிறாய் என்று கேள். சும்மாதான் இருக்கேன் என்பாள். சொல்லும்போதும் கை ஊசியை விட்டிருக்காது. வேலை என்றால் வாசலைத் தாண்டிப் போக வேண்டும், மேலே ஒரு முதலாளி இருக்க வேண்டும், அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பொத்தான்காரி ஒரு நாளைக்கு நூற்றைம்பது சட்டைக்குப் பொத்தான் வைக்கிறாள். நடுவில் சமைக்கிறாள், துவைக்கிறாள், நாத்தனாரின் மாமியாரைக் குளிப்பாட்டுகிறாள். கேட்டால் சும்மா. அதில் பொய் இல்லை, கவனக்குறைவும் இல்லை.

கவனக்குறைவு என்று எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயே, தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? அந்த வழிகாட்டித் தாள் என் மேஜையில் இருக்கிறது. மூன்றாவது வரியைப் படிக்கிறேன், கேள்: 'அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதவும். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.' கீழே உன் கையெழுத்து. என் தொண்டர்கள் நீ சொன்னதைச் செய்தார்கள். தப்பு எங்களுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால் அறக்கட்டளை அடுத்த வருடம் எங்களை விட்டுவிட்டு வேறு சங்கத்தைப் பார்க்கும். எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இனி என் படிவத்துக்கு வருகிறேன். பதினான்கு மாதமாகக் கேட்கிறாயே, இதுதான் பதில்.

அன்றைக்கு மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நீ என்ன பேசினாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "எங்க அக்கா பதினோரு வருஷம் வீட்டுல சும்மா இருந்தவங்க. இன்னிக்கு ஒரு சங்கத்தையே நடத்துறாங்க. இந்தத் திட்டம் கொண்டுவரப் போற மாற்றம் இதுதான்." எல்லோரும் கை தட்டினார்கள். உன் மேலாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிரித்தேன்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்கு இருபது, உனக்குப் பன்னிரண்டு. அந்தப் பதினோரு வருடத்தையும் நீ அறியாதவன் இல்லை. அதே வீட்டில்தான் இருந்தாய், பிறகு விடுதியில் இருந்தாய். விடுதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டாயா? நான் சொல்லவும் இல்லை, அது என் தப்பு. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் நீ பார்த்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் படிவத்தை நீட்டினார்கள், முதல் கணக்கு தலைவிக்கு என்று. புகைப்படக்காரர் நின்றுகொண்டிருந்தார். 'தொழில்' என்று வந்ததும் நீ சொன்னதையே எழுதினேன். நீ படிப்பாய், உறைக்கும் என்று நினைத்தேன். நீ பதினான்கு மாதம் கழித்துத்தான் படித்திருக்கிறாய்.

நாள் பதினொன்றுதான் மிச்சம்.

அக்கா


மார்ச் 22, சனி

தம்பி,

முந்தாநாள் எழுதியது உனக்கு இன்று கிடைத்திருக்கும். அதன் பின்னாலேயே இது வருகிறது. அதில் எழுதியது எதையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதோடு இதையும் சேர்த்துப் படி.

நேற்று கூடத்தில் தொண்டர்களைக் கூப்பிட்டு வைத்து, கேட்டதை எழுதச் சொன்னது சரி, ஆனால் நூற்றுப் பதினெட்டிலும் ஒரே வார்த்தை எப்படி வரும், சிலராவது வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்களே என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து சுவரைக் காட்டினாள். அறிவிப்புப் பலகையில், மாதிரிப் படிவம் என்று தலைப்புப் போட்டு, என் படிவத்தின் நகல் ஒட்டியிருக்கிறது. விழாவுக்கு மறுநாள் ஒட்டியது. தினமும் அதன் அடியில்தான் நான் குடையை மாட்டுகிறேன்.

"சிலர் பொத்தான் வைக்கிறேன், மணி கோக்கிறேன்னு சொல்லத்தான் செஞ்சாங்க. ஆனா நீங்களே சும்மான்னு எழுதியிருக்கீங்களேன்னு நாங்களும் அப்படியே போட்டுட்டோம்" என்றாள்.

பொத்தான்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொத்தான் வைக்கிறேன் என்றுதான் அவள் சொன்னாளாம்.

உன்மேல் இருந்த கோபத்தில் ஒரு வார்த்தை எழுதினேன், அது அவள் அறையைப் பூட்டிவிட்டது. நீ கேட்ட காகிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தொண்டர்கள் என்று எழுதவில்லை, தலைவி என்று எழுதியிருக்கிறேன். உன் வழிகாட்டித் தாளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சீக்கிரம் செய்.

அக்கா


மார்ச் 25, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டாவது கடிதம் வருவதற்குள் நான் முந்திக்கொண்டுவிட்டேன்.

முதல் கடிதத்தைச் சனிக்கிழமை படித்தேன். நேற்றுக் காலை என் மேலாளர் அறைக்குப் போய், வழிகாட்டித் தாள் நான் எழுதியது, கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுத்தராமல் பதிலை மட்டும் அப்படியே எழுதச் சொன்னது என் தவறு என்று எழுத்து மூலம் கொடுத்தேன். ஏழாவது பிரிவு! இன்று காலை உன் காகிதம் வந்தது. அதை மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். நீ கையெழுத்துப் போட்டதை மறைப்பதற்கு நான் யார் என்று அதையும் கொண்டுபோய் வைத்தேன். மேலாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்தார். "முப்பது வருஷத்துல எத்தனையோ ஒப்பந்தம் பார்த்துட்டேன். ரெண்டு பக்கமும் தப்பு என்னோடதுன்னு சண்டை போடறத இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். பிறகு நீ எனக்கு என்ன உறவு என்று கேட்டார். சொன்னேன்.

மறுசோதனைக்கு உத்தரவு வந்துவிட்டது. வியாழக்கிழமை இரண்டு அலுவலர்கள் உங்கள் கூடத்துக்கு வருவார்கள். கேள்வியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். என்ன தொழில் என்று கேட்க மாட்டார்கள். காலையில் எழுந்ததிலிருந்து கை என்னென்ன செய்கிறது என்று கேட்பார்கள். அதிலிருந்து தொழிலை எடுத்து எழுதுவது அவர்கள் பொறுப்பு. சுவரில் இருக்கும் மாதிரியை அதற்குள் கழற்றிவிடு.

நான் வர முடியாது. ஏப்ரலிலிருந்து இந்தத் திட்டம் என் கையில் இல்லை. பதிவறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஆனால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பொத்தான்காரிக்கு ஜன்னல் கிடைத்தால் கணக்கு நேராகிவிடும்.

போகும் முன்னால் ஒரே ஒரு மறுபடிவத்தை நானே நிரப்ப அனுமதி கேட்டு வாங்கினேன். உன்னுடையது. தொழில் கட்டம் அரை விரல் நீளம்தான் இருக்கிறது. சும்மாவைத் தவிர அதில் எதுவும் அடங்காது போலிருக்கிறது. அதனால் தனித் தாள் இணைத்து எழுதினேன். நகலை இங்கே தருகிறேன்:

'தையல்காரர். பதினோரு வருடம் வீட்டிலிருந்தபடி நாளொன்றுக்கு அறுபது சட்டைக் கழுத்துப்பட்டை தைத்தார். செவிலியர். படுத்த படுக்கையாக இருந்த தாயை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார், கடைசி வரை அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. தம்பியின் படிப்புக்கும் விடுதிக்கும் பணம் கட்டியவர். தம்பி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் துணி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சும்மா இருப்பவர்போல உட்கார்ந்திருந்தவர். தம்பியும் அப்படியே நம்பினான், ஏனென்றால் அப்படி நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.'

கடைசி வரி படிவத்தில் இருக்கக் கூடாது என்று மேலாளர் அடித்துவிட்டார். அதை நீ வைத்துக்கொள். தவறு இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போடு.

அக்கா, அந்த மேடையில் நான் பெருமையாகத்தான் பேசினேன். அதுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது. யாரையும் குறைத்துப் பேசுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 6, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நீ அடிக்கோடிட்ட தேதி. கணக்குகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பொத்தான்காரி பணத்தை எடுத்தாள், பதினொன்றுக்கு ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்றாள், நானும் கூடப் போனேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு சாவியைக் கொடுத்தார். பெண்கள் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரைக்கும் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்களாம். கொக்கி கழன்றுவிட்டது என்று மறுநாளே ஓட்டுநர் சத்தம் போட்டிருக்கிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி முடியவில்லை. அதே திங்கட்கிழமை மற்றவர்களும் வரிசையில் நின்று பணத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். கவுண்டர் பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது. வேண்டாம் என்று நான் ஒருவரையும் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பேன்? மாதிரிப் படிவக் கதையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வேறு தலைவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அப்போதுதான் சத்தத்துக்கு வாய் திரும்பி வந்தது. "தப்பு பண்ணிட்டு நைசா நழுவிப் போயிடலாம்னு பாக்குறீங்களா? உக்காருங்க பேசாம" என்றாள். உட்கார்ந்தேன்.

இதுவரை நாற்பது பேர் மறுபடியும் கணக்கில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றவர்கள் வருவார்களா என்று தெரியவில்லை. நான் மறுபடி வீடு வீடாகப் போகிறேன். முன்பு போனபோது பேசிக்கொண்டே இருந்தேன். இப்போது அவர்கள் பேசுகிறார்கள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அலுவலர்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். காலையிலிருந்து கை என்ன செய்கிறது என்று பொத்தான்காரியிடம் கேட்டார்கள். அவள் ஆரம்பித்தாள். அவர்கள் எழுதினார்கள். ஒரு தாள் தீர்ந்து இன்னொரு தாள் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு வந்தபோது அவளே நிறுத்திவிட்டு, "அடேயப்பா, இவ்வளவா பண்றேன் நான்?" என்றாள். கூடமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் படிவத்தில் ஒரு தவறு இருக்கிறது. கழுத்துப்பட்டை அறுபது இல்லை, எண்பது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் அறுபது. திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நீ படிப்பில் கவனம் சிதறக் கூடாது என்றுதான் மறைத்தேன். மறைத்ததை நீ கண்டுபிடிக்கவில்லை என்று பிறகு கோபித்துக்கொண்டேன். இது என்ன நியாயம் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்பு என்று பெரிய வார்த்தை எல்லாம் நமக்குள் வேண்டாம்.

நீ இப்போது கூட்டுத் திட்ட அலுவலர் இல்லை. ஆகவே ஏழாவது பிரிவு உனக்கும் எனக்கும் செல்லாது. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பேன். ஆனால் கூப்பிடுவதைவிட நேரில் வா. குழந்தையையும் அழைத்து வா. படிவம், கையெழுத்து, தொடக்க விழா என்று வேலையாக வந்தது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, சும்மா வா.

அக்கா